மேசை விளிம்பில் நிற்காத எலி

என் உத்தியோகம் பயப்படுவது. சம்பளம் கொடுத்துப் பயப்படுவதற்கு ஆள் வைப்பார்களா என்று கேட்காதீர்கள், வைப்பார்கள். ஒரு புது மருந்து மனிதன் வாய்க்குள் போவதற்கு முன்னால் எலிக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்த்து, ஈரல் வீங்குகிறதா, இதயம் தாளம் தப்புகிறதா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் ‘மனிதருக்குக் கொடுக்கலாம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ கையெழுத்துப் போடுகிற நச்சியல்காரன் நான். பெரிய கம்பெனி ஒன்றில் பல வருஷம் இதே வேலை. அங்கே நான் ‘வேண்டாம்’ போட்ட மருந்துகளைப் புதைத்திருந்தால் ஊருக்கு வெளியே தனி மயானம் தேவைப்பட்டிருக்கும். மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் கேன்டீனில் என்னைக் கண்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி.

பெயர் பொருத்தம்தான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்களின் எடையை மனசுக்குள் கூட்டுவேன். குண்டான ஆள் ஒருவர் ஏறினால் நான் இறங்கிவிடுவேன். மகள் பிறந்த புதிதில், மூச்சு வருகிறதா என்று தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து வைத்து எழுப்பிவிட்டது நான்தான் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். மகளும் அப்பனை உரித்து வைத்தவள். விளக்கை அணைத்தால் அழுவாள். பலூனைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்வாள்.

என்னைப் பெரிய கம்பெனியிலிருந்து கிளப்பியவன் என் மச்சான். மனைவியின் அண்ணன், அதற்கு முன்பே என் கல்லூரித் தோழன். அவன் பயம் என் பயத்தைப் போலச் சில்லறைப் பயம் இல்லை. கூட்டத்தைக் கண்டால், கதவு மூடிய அறையைக் கண்டால், நெஞ்சு அடைத்து வியர்த்துக் கொட்டி, இதோ செத்துவிடப் போகிறோம் என்று தரையில் உட்கார்ந்துவிடுவான். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு நடந்த அன்று கழிப்பறையிலிருந்து அவனை இழுத்துவந்து நாற்காலியில் வைத்தவன் நான். அந்த வேதனையிலேயே அவன் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தான். மூளையில் அச்சம் கிளம்புகிற இடத்தைத் தேடிப் போய் அதைத் தூங்கவைக்கிற மருந்து. தூக்க மாத்திரை மாதிரி மயக்காது, புத்தியை மழுக்காது. கூட்டவும் கழிக்கவும் தெரியும், சாலை விதிகள் தெரியும், பயம் மட்டும் இருக்காது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கம்பெனி ஆரம்பித்தான்.

“மாப்ள, நீ வந்துடு. எனக்கு ஒரு நல்ல பயந்தாங்கொள்ளி வேணும்.”

“சம்பளம்?”

“கம்பெனில பங்கு தர்றேன்.”

“பங்கை உலையில போட்டா வேகுமா?”

“என் தங்கச்சியைப் பட்டினி போடுவேனாடா? வா.”

போனேன். கட்டடம் முன்பு அச்சகமாக இருந்தது. கீழே மருந்துப் பொடியை நிறுக்கும் அறையும், அதை ஒட்டி எலி அறையும். மாடியில் எங்கள் மேசைகளும் கூட்ட அறையும். எல்லா அறைக்கும் ஒரே ஏசிக் குழாய். எலி ரத்தத்தில் எவ்வளவு மருந்து ஏறியிருக்கிறது என்று அளக்கிற பெரிய மிஷினுக்கு மட்டும் உள்ளே இடமில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம், டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து அதில் வைத்தோம். ரத்தத்தில் மருந்து இருந்தால் அந்த மிஷினின் திரையில் கோடு மலைச்சிகரம் மாதிரி எழும்பும். அதைப் படிப்பதற்கென்றே ஒரு பெண்மணி. நாங்கள் வைத்த பெயர் சிகரம் மேடம். சாம்பிள் வாங்கத் தெருவைக் கடந்து வருவார். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். எலி வாடை ஆகாது அவருக்கு.

எலி வாடை என் மனைவிக்கும் ஆகாது. வேலைவிட்டு வந்ததும் நான் நேரே குளிக்கப் போகவேண்டும். சட்டையை நானே துவைக்கவேண்டும். அதுவரை கிட்டே வரக்கூடாது. இந்தச் சட்டத்துக்கு வீட்டில் கட்டுப்படாத ஒரே ஆள் மகள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

மருந்து வீரியமானது. எள்ளை ஆயிரமாக நறுக்கி அதில் ஒரு துண்டை எடுத்தால் ஓர் எலிக்குப் போதும். எலிகளைக் குழுக்களாகப் பிரித்திருந்தோம். ஒரு குழுவுக்குக் கொஞ்சம் மருந்து, இன்னொன்றுக்கு அதிகம், மற்றொன்றுக்கு மருந்தே இல்லாத வெறும் கரைசல். வெறும் கரைசல் குடிக்கிறவைதான் கண்ட்ரோல் எலிகள். மருந்து எலிக்கு என்ன ஆனாலும், கண்ட்ரோல் எலிக்கும் அதுவே ஆகியிருக்கிறதா என்று பார்ப்போம். ஆகியிருந்தால் அது மருந்தின் வேலை இல்லை. அந்த எலி இனத்தின் சுபாவம், தீவனக் கோளாறு, அறைச் சூடு, ஏதோ ஒன்று. குறிப்பில் அதை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். எங்கள் தொழிலில் இதுதான் பாலபாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அதனால்தான், கதவைத் திறந்தால் கூண்டின் பின்மூலைக்கு ஓடவேண்டிய எலிகள் முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோது நான் முதலில் கண்ட்ரோல் கூண்டைத்தான் பார்த்தேன். அவையும் எட்டிப் பார்த்தன. சாதுவான இனம் போலிருக்கிறது என்று மேலே நடந்தேன்.

சிகரம் மேடம் ஒரு நாள் வாசலில் நின்றபடியே சொன்னார். “சார், கண்ட்ரோல் எலி ரத்தத்துலயும் சின்னதா ஒரு சிகரம் வருது.”

“முன்னாடி ஓட்டின சாம்பிளோட மிச்சமா இருக்கும். மிஷினை நல்லாக் கழுவிட்டு ஓட்டுங்க.”

“கழுவிட்டுத்தான் ஓட்டினேன்.”

“இன்னொரு வாட்டி கழுவுங்க மேடம். பல் தேய்ச்சாலும் வெங்காய வாசனை போறதில்லை.”

அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பழைய நானாக இருந்தால் அந்தப் பார்வைக்கே ஒரு வாரம் தூக்கம் கெட்டிருக்கும்.

எலிக்கு எடை பார்க்கிற மேசை எங்கள் இடுப்பு உயரம். மேசையில் விட்ட எலி ஓரம்வரை ஓடும். விளிம்பு வந்ததும் மீசையை வெளியே நீட்டிக் காற்றைத் தடவி, பள்ளம் என்று தெரிந்து சட்டென்று பின்வாங்கும். உலகத்தில் எந்த எலிக்கும் இதை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு நான் விட்ட எலி ஓரம்வரை போனது, மீசையை நீட்டியது, பள்ளத்தைப் பார்த்தது, தெருவில் நடக்கிறவன் மாதிரி அடுத்த அடியை எடுத்து வைத்தது. அந்தரத்தில் கையை நீட்டிப் பிடித்தேன். எந்தக் குழு என்று தெரிய வால் நுனியில் நாங்கள் தடவிய நிறத்தைப் பார்த்தேன். கண்ட்ரோல். “உனக்கென்னடா அவ்வளவு அவசரம்?” என்று கேட்டுக் கூண்டில் போட்டேன்.

இதற்கிடையில் எங்கள் வாழ்க்கை அமோகமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. நான் வீட்டைப் பூட்டினேன், போனேன், திரும்பி வரவில்லை. லிஃப்டில் நெருக்கிக்கொண்டு ஏறினேன். மனைவி முதலில் சந்தோஷப்பட்டாள். “இப்பதாங்க நீங்க மனுஷனா இருக்கீங்க,” என்றாள். மகள் இருட்டிலேயே தூங்க ஆரம்பித்தாள். பிள்ளை வளர்கிறாள் என்று பெருமைப்பட்டோம். மச்சானோ, கழிப்பறையில் ஒளிந்த அதே மச்சான், முதலீட்டாளர்களைக் கூட்ட அறையில் உட்காரவைத்து மத்தியானம் முழுக்கப் பேசினான். குரல் தடுமாறவில்லை, கைக்குட்டையை எடுக்கவில்லை. அந்த முதலீட்டாளர்கள், என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளிகள் என்று பெயர் வாங்கியவர்கள், வரும்போது கேள்விகளோடு வந்தார்கள். சாயங்காலம் ஒரு கேள்வியும் கேட்காமல் கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

“பாத்தியா மாப்ள? வயசானா தைரியம் தானா வந்துடுது,” என்றான் மச்சான்.

“எனக்கும்தான்டா,” என்றேன்.

எங்கள் தரப்பில் பாக்கி இருந்தது என் கையெழுத்து மட்டும். அது விழுந்து, அனுமதியும் கிடைத்தால் ஒரு மருத்துவமனையில் ஆரோக்கியமான ஆட்கள் சிலருக்கு முதல் மாத்திரை போகும். பேனாவை எடுத்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை போட்டுவிடலாம் என்று விட்டது வெறும் சோம்பேறித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, என் எலிவாடைச் சட்டைகளைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். மகளும் கூட வந்தாள். நான் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால், அவள் கைப்பிடிச் சுவர்மேல் நிற்கிறாள். அவள் பாதத்தைவிடக் கொஞ்சமே அகலமான சுவர். அந்தப் பக்கம் நான்கு மாடிப் பள்ளம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலாக வைத்து நடந்தாள். காற்றில் பாவாடை படபடத்தது.

எனக்கு எல்லாம் தெரிந்தது. இது உயரம், அது பள்ளம், விழுந்தால் என்ன ஆகும். வாய்ப்பாடு தெரிவது மாதிரி தெரிந்தது. கையில் ஈரச் சட்டையோடு, நன்றாகத்தான் நடக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சிரித்துக்கொண்டு நின்றேன் என்று நினைக்கிறேன்.

மனைவி படியேறி வந்தாள். அவள் கத்தவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது; ஆனால் குரல் தேனாக வந்தது. “குட்டிம்மா, அம்மாகிட்ட ஒரு நிமிஷம் வாடா. உன் பின்னல் அவுந்து போச்சு பாரு. கட்டிவிடறேன்.” பேசிக்கொண்டே ஒவ்வோர் அடியாகக் கிட்டே போனாள். மகள் சுவரின் மூலையில் நின்று காலை அந்தரத்தில் ஆட்டிப் பார்த்தாள். மனைவி எட்டி இடுப்பைப் பிடித்து இழுத்து, பிள்ளையோடு தரையில் விழுந்தாள். பிறகுதான் அவள் உடம்பு ஆட ஆரம்பித்தது. பல் கிட்டித்து, மகளை விடமாட்டாமல் பிடித்திருந்தாள்.

“ஏம்மா குளிருதா?” என்றாள் மகள்.

மனைவி என்னைப் பார்த்தாள். “நீங்க பார்த்துட்டுத்தானே நின்னீங்க?”

“ஆமா.”

“பயமா இல்லையா உங்களுக்கு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே தேடிப் பார்த்தேன். மாடிப்படியில் கடைசிப் படி இருக்கும் என்று நம்பிக் காலை வைத்தவன் மாதிரி ஆனது. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கண் முன்னால் மேசை வந்தது, விளிம்பு வந்தது, மீசையை நீட்டிப் பள்ளத்தைப் பார்த்துவிட்டும் அடியெடுத்து வைத்த எலி வந்தது. கண்ட்ரோல் எலி.

கண்ட்ரோலும் மருந்து எலியும் ஒன்றுபோல இருந்தால் மருந்துமேல் குற்றமில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்றேனே, தூக்கத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ட்ரோலுக்கும் மருந்து போய்க்கொண்டிருந்தால்?

மறுநாள் ஆபீசுக்குள் காலெடுத்து வைக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு டயர்க் கடை மாடிக்குப் போனேன். சிகரம் மேடம் என் கையில் ரத்தம் எடுத்தார். பிறகு மகளிடம் குனிந்து, “கண்ணை மூடிக்கோ செல்லம்,” என்றார். ஊசி என்றால் மருத்துவமனை வாசலிலேயே அழுகிற பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே நீட்டினாள். ஊசி உள்ளே போவதைக் குனிந்து பார்த்தாள். “இன்னொரு வாட்டி குத்துங்க ஆன்ட்டி,” என்றாள். மேடத்தின் கைதான் நடுங்கியது.

மிஷினை எங்கள் கண் முன்னால் கழுவினார். வெறும் தண்ணீர் ஓட்டினார். கோடு தரையோடு தரையாகப் போனது. என் ரத்தம் ஓடியது. மருந்துக்கு உரிய இடத்தில் கோடு நிமிர்ந்து எழுந்தது. மகளுடைய ரத்தம் ஓடியது. அதே இடம், சின்னச் சிகரம்.

“இப்ப என்ன சார் பண்றது?” என்றார் மேடம். அவர் கண்ணில் நீர் முட்டியிருந்தது.

“மச்சான்கிட்ட சொல்லணும்.”

“பால் வாங்கிட்டு வரணும்கிற மாதிரி சொல்றீங்க.”

மகளை மனைவியிடம் விட்டுவிட்டு மச்சானைத் தெருமுனைக் காப்பிக் கடைக்கு வரச்சொன்னேன். சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். காப்பியை உறிஞ்சினான்.

“நிறுக்கற அறைக் குழாய்ல ஃபில்டர் சட்டம் வளைஞ்சிருக்கு, பொடி கசியும்னு ஏசிக்காரர் முன்னாடியே சொன்னாரு,” என்றான்.

“அப்ப ஏன்டா மாத்தலை?”

“பயப்படற மாதிரி ஒண்ணும் தோணலை மாப்ள.” சொல்லிவிட்டு நிறுத்தினான். தான் சொன்னதைத் தானே கேட்டான் என்று தெரிந்தது. முகம் மலர்ந்தது. “டேய். அப்ப என் தைரியம்... அது மருந்தா?”

“ஆமா.”

“மாப்ள, அப்ப மருந்து வேலை செய்யுதுடா. மனுஷங்கள்லயே வேலை செய்யுது. இத்தனை மாசமா நமக்கு ஒரு தலைவலி உண்டா? ஈரல் கெட்டுச்சா?”

“உன் மருமக சுவர்மேல நடந்தாடா.”

“விழலை இல்ல?”

தங்கை மகளுக்குக் காய்ச்சல் என்றால் அலறியடித்துக்கொண்டு ஓடிவருகிற தாய்மாமன் அவன். அவள் காது குத்தும்போது தனக்கு மயக்கம் வந்து விழுந்தவன். அவன் கண்ணைப் பார்த்தேன். பாசம் அப்படியேதான் இருந்தது. பாசத்துக்குக் காவலாக நிற்கிற நாயை மட்டும் யாரோ அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“நான் கையெழுத்துப் போடமாட்டேன்,” என்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சானுக்கு ‘மாட்டேன்’ சொல்கிறேன். கல்யாணப் பேச்சின்போதுகூடச் சொன்னதில்லை. மருந்தைத் தடுக்கிற தைரியத்தையும் அந்த மருந்துதான் கொடுத்தது. இதை நினைத்துச் சிரிக்கலாம். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

“சரி,” என்றான் அவன், கோபமே இல்லாமல். “வேற ஆள் பாத்துக்கறேன். காப்பிக்கு நீ குடுத்துடு.”

அன்று வீட்டில் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. “பாப்பாவுக்கு இது சரியாயிடுமா?”

நிபுணன் என்ற முறையில் இதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் சில எலிகளுக்கு மருந்தை நிறுத்திவிட்டு, கெட்டது தேறுகிறதா என்று காத்திருந்து பார்ப்போம். நாங்களும் பார்த்தோம். அந்த எலிகளும் அதே அறையில்தான் இருந்தன. அதே காற்றைத்தான் குடித்தன. அவற்றுக்கு மருந்து நின்றதே இல்லை. நின்றால் பயம் திரும்புமா, எப்போது திரும்பும், சின்ன உடம்பில் திரும்புமா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

“இனிமே நாங்கதான் அந்த எலி,” என்றேன்.

அவள் மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிவந்தாள். ஜன்னல்களுக்குக் கம்பி போட ஆள் கூட்டிவந்தாள். மகளைக் கைக்கெட்டும் தூரத்தைவிட்டு விலகவிடவில்லை. என்னோடு ரோட்டைக் கடக்கும்போது என் கையையும் பிடித்துக்கொண்டாள். மகள் முகம் புதைத்த என் சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டிக் கொளுத்தினோம். அந்தக் கட்டடத்துக்குள் நான் மறுபடி போகவில்லை.

மனிதச் சோதனைக்கு அனுமதி தரவேண்டியது அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு. அதன் தலைவி வயதான டாக்டர் அம்மா. கறாரானவர் என்று பெயர். போன் போட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“நீங்க ரொம்ப நிதானமாப் பேசறீங்க,” என்றார் அவர்.

“எனக்குப் பயம் வராது டாக்டர். அதான் விஷயமே.”

“அந்தக் கம்பெனி ஓனர் உங்க மச்சானாமே? குடும்பத்துல ஏதாவது மனஸ்தாபமா?”

“இல்லை டாக்டர். காப்பிகூட நான்தான் வாங்கிக் குடுத்தேன்.”

“மிஷின்ல முந்தின சாம்பிளோட மிச்சமா இருக்கப் போகுது. கழுவினீங்களா?”

என் பல்லவியை வேறொருவர் வாயில் கேட்டேன். பதறுகிறவனை உலகம் நம்பாது என்பார்கள். பதறாமல் ஆபத்தைச் சொல்கிறவனை அதைவிட நம்பாது. தீப்பிடித்த வீட்டுக்காரன் தெருவில் வந்து, ‘உள்ளே கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது’ என்றால் யார் வாளி எடுப்பார்கள்?

ஆனாலும் நேரில் வந்து பார்க்கிறோம் என்றார். “வந்தா முதல்ல எதிர்க் கட்டடத்துக்கு வாங்க. அந்தக் கூட்ட அறையில மட்டும் உட்காராதீங்க,” என்றேன். சரி சரி என்றார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அவர்கள் வந்த அன்று நானும் சிகரம் மேடமும் டயர்க் கடை மாடி ஜன்னலில் நின்றோம். காரிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். இறுகிய முகங்கள். டாக்டர் அம்மா எங்கள் ஜன்னலைத் தேடி நிமிர்ந்தார். அதற்குள் மச்சான் வாசலுக்கு வந்துவிட்டான். கும்பிட்டான். கதவைத் திறந்து பிடித்தான். எல்லாரும் உள்ளே போனார்கள். மாடியில் கூட்ட அறைத் திரைச்சீலை இழுபட்டது. உள்ளே ஏசி ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக வெளிச்சுவர்ப் பெட்டி உறுமியது.

“கொஞ்ச நேரம்தானே சார். ஒண்ணும் ஏறாது, இல்ல?” என்றார் மேடம்.

“முதலீட்டாளர்களும் ஒரு மத்தியானம்தான் உட்கார்ந்தாங்க.”

மேடம் நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றார். சாப்பாட்டு வேளை போனது. டயர்க் கடைக்காரர் கடையைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கினார். வெயில் சாய்ந்த பிறகு கதவு திறந்தது. நான்கு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். டாக்டர் அம்மா இப்போது எங்களை நோக்கிக் கையசைத்தார். எங்களிடம் வருவதற்காகத்தான் தெருவில் இறங்கினார். இடம் பார்க்கவில்லை, வலம் பார்க்கவில்லை. லாரி ஒன்று அலறிக்கொண்டு பிரேக் போட்டு அவர் புடவைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அம்மா டிரைவரைப் பார்த்துப் புன்னகைத்து, லாரியின் முகப்பைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்துவந்தார்.

மேலே வந்து சிகரங்களைப் பார்த்தார். “தெளிவா இருக்கு,” என்றார். “எங்களுக்கு ஒண்ணும் பயப்படற மாதிரி தோணலை.”

சில நாள் கழித்து மச்சானிடமிருந்து செய்தி வந்தது. புது நச்சியல்காரர் ஒருவர் கூட்ட அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். குழு அனுமதி கொடுத்துவிட்டது. முதல் மாத்திரை திங்கட்கிழமை. ‘நீயும் வாடா, குடும்பமா வாங்க,’ என்று எழுதி, கூடவே ஒரு சிரிப்புப் படம்.

படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். செய்யவேண்டியது எல்லாம் செய்தாயிற்று என்று தோன்றியது. சாப்பிட்டேன்.

மகளைத் தூங்கவைக்கிறது என் முறை. போர்த்திவிட்டு, எழுந்து வந்து விளக்கை அணைத்தேன். வழக்கம்போல அவளிடமிருந்து சத்தமில்லை. கதவருகே இருட்டில் நின்றேன்.

என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. உள்ளங்கை ஈரமானது. சுவர் கண்ணுக்கு வந்தது. விரித்த இரண்டு கைகள், படபடத்த பாவாடை, அந்தரத்தில் ஆடிய கால். லாரிக்கும் புடவைக்கும் நடுவே இருந்த ஒரு சாண். திங்கட்கிழமை மாத்திரையை விழுங்கப் போகிற, பெயர் தெரியாத, யார் வீட்டுப் பிள்ளைகளோ. அவர்கள் ஏறப்போகிற மாடிகள், கடக்கப்போகிற சாலைகள். எல்லாம் வரிசையில் காத்திருந்த மாதிரி ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. நிற்க முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கட்டில் கடகடவென்று ஆடியது.

“அப்பா, கட்டிலை ஏன் ஆட்டறே?”

“ஒண்ணுமில்லடா.”

“நடுங்கறியா?”

அவள் இருட்டில் எழுந்து, எதிலும் இடித்துக்கொள்ளாமல், விளக்குப் போடச் சொல்லாமல், நேராக நடந்து என்னிடம் வந்தாள். என் தலையைத் தன் சின்ன நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். அந்த நெஞ்சு நிதானமாக, ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“பயப்படாதே அப்பா,” என்றாள். “பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லை.”

மனைவி கதவருகே வந்து நின்றாள். ஹாலின் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். போனை எடுத்து என் கையில் வைத்தாள். என் விரல் நடுங்கி நடுங்கி எண்கள் தப்பின. அவளே அழுத்திக் கொடுத்தாள். மச்சானுக்கு இல்லை, டாக்டர் அம்மாவுக்கு இல்லை. இதுவரை அந்தக் கூட்ட அறையில் உட்காராத யாரோ ஒருவருக்கு. மருத்துவமனையின் இரவு டெலிபோன்காரர் எடுத்தார்.

“ஹலோ,” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உடைந்து, கீச்சிட்டு, அழுகையில் நனைந்து வந்தது.

“என்ன சார், என்னாச்சு? யாருக்கு என்ன?” என்று பதறினார் அந்தப் பக்கத்து மனிதர்.

பதறினார். அது காதில் விழுந்தபோது என் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். அவள் இன்னொரு கையால் என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.